நீங்கள் எந்த மாதம் பிறந்தீர்கள்?

"அம்மா, நீங்கள் எந்த மாதம் பிறந்தீர்கள்?"

பெரிய நகைக்கடைகளில் இப்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். மூக்குத்திக்குத் திருகாணி வாங்கப் போனாலும் கேட்கிறார்கள். நாம் "மே மாதம்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், கறுப்பு வெல்வெட் தட்டில் பச்சைக்கல் மோதிரம் ஒன்று கண்முன்னே வந்து உட்கார்ந்துகொள்கிறது. "இது உங்கள் மாதத்துக் கல், அம்மா! உங்களுக்கென்றே பிறந்தது!" என்கிறார் கடைக்காரர். நமக்கென்றே பிறந்ததை விட்டுவிட்டு வர யாருக்குத்தான் மனம் வரும்?

கேள்வி என்னவோ சுலபமானதுதான். பதில்தான் நம் வீடுகளில் அவ்வளவு சுலபமில்லை. என் பாட்டியைக் கேட்டால், "ஐப்பசி மாசம், சுவாதி நட்சத்திரம், தீபாவளிக்கு மறுநாள்" என்பாள். தீபாவளியோ ஒரு வருஷம் அக்டோபரில் வரும், ஒரு வருஷம் நவம்பரில் வரும். பாட்டிக்கு அக்டோபர் கல்லா, நவம்பர் கல்லா? சித்திரையில் பிறந்த பெண்ணுக்கு ஏப்ரலின் வைரமா, மே மாதத்தின் மரகதமா? தகப்பனாரைக் கேட்டால் எது விலை குறைவோ அதுதான் சரி என்பார்! இவை போதாவென்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாக எழுதிவைத்த தேதி வேறு பலருக்கு உண்டு. சர்க்கார் காகிதங்களில் எல்லாம் அந்தத் தேதிதான் வாழ்கிறது. கல் அந்தத் தேதிக்கா, உண்மைத் தேதிக்கா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவேண்டுமானால், மாதத்துக்கு ஒரு கல் என்று விதித்தது யார் என்று முதலில் பார்க்கவேண்டும்.

பன்னிரண்டு கற்கள் என்ற எண்ணம் பழையதுதான். பைபிளின் பழைய ஏற்பாட்டில், ஆரோன் என்ற தலைமைக் குருவின் மார்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் பதித்திருந்ததாக வருகிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோஸிபஸ் என்ற யூத சரித்திர ஆசிரியர் அந்தப் பன்னிரண்டையும் வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களோடு சேர்த்துப் பேசினார். ஆனால் இன்று கடையில் மாட்டியிருக்கும் அட்டவணை இருக்கிறதே, அது எந்த ரிஷியும் எந்தக் குருவும் தந்ததல்ல. 1912-ம் வருஷம் அமெரிக்காவில் நகை வியாபாரிகளின் தேசிய சங்கத்தார் கூடி நிர்ணயம் செய்தது. ஆளுக்கு ஆள் வெவ்வேறு கல்லைச் சொன்னால் வியாபாரம் குழம்பும் அல்லவா?

அதற்குப் பிறகும் அட்டவணை அப்படியே நிற்கவில்லை. 1952-ல் ஜூன் மாதத்துக்கு அலெக்ஸாண்ட்ரைட்டையும், அக்டோபருக்கு டூர்மலினையும், நவம்பருக்குச் சிட்ரினையும் சேர்த்தார்கள். 2002-ல் டிசம்பருக்கு டான்ஸனைட் வந்தது. 2016-ல் ஆகஸ்டுக்கு ஸ்பினல் வந்தது. டான்ஸனைட் என்ற நீலக் கல் டான்ஸானியா நாட்டில் வெளிப்பட்டதே 1967-ல்தான். அதற்கு முன்னால் டிசம்பரில் பிறந்தவர்களெல்லாம் அதிர்ஷ்டமில்லாமலா வாழ்ந்தார்கள்? வானத்தில் கிரகங்கள் இடம் மாறவில்லை. கடையில் தட்டுத்தான் மாறிற்று.

நம்முடைய நவரத்தினக் கணக்கு இதிலிருந்து முற்றிலும் வேறு. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்பது நம் வழக்கம். அது கிரகத்தைப் பார்க்கிறது; மாதத்தைப் பார்க்கவில்லை. நம் பவளத்துக்கு அமெரிக்க அட்டவணையில் இடமே கிடையாது! ஜாதகத்தை நம்புகிறவர்கள் ஜாதகத்தை நம்பட்டும். மாதக் கல் ஆசைப்படுகிறவர்கள் அதை வாங்கட்டும். ஆனால் ஜாதகத்தின் பயத்தை மாதக் கல்லின் மேல் ஏற்றி விற்றால் மட்டும் நாம் உஷாராக இருக்கவேண்டும்.

போகட்டும். உங்கள் கல் எது என்று தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கத்தைப் புரட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி: கார்னெட். மாதுளை முத்தின் சிவப்பு. அதன் ஆங்கிலப் பெயரே மாதுளையிலிருந்து வந்ததுதான். நம் கோமேதகமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

பிப்ரவரி: செவ்வந்திக் கல். கத்தரிப்பூ நிறம். ஒரு காலத்தில் அருமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசில் முதலிய இடங்களில் ஏராளமாக அகப்பட்ட பிறகு சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது.

மார்ச்: அக்வாமரின் என்ற கடல்நீலக் கல். மரகதத்தின் உடன்பிறப்பு. கொங்கு நாட்டில் காங்கயத்துக்கு அருகில் உள்ள படியூர், பழங்காலத்திலிருந்தே இந்தக் கல்லுக்குப் பெயர்போன ஊர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் கல்லை மணியாக்கித் துளையிட்ட தொழிற்கூடங்களின் அடையாளங்கள் கிடைத்தன. இந்த மாதத்துக்கு ரத்தக்கல் என்ற பச்சைக் கல்லும் உண்டு.

ஏப்ரல்: வைரம். 1720-களில் பிரேசிலில் கிடைக்கும் வரையில், உலகத்து வைரங்களுக்கு நம் தேசமே பெரும்பாலும் பிறந்த வீடு.

மே: மரகதம். ஜூன்: முத்து, சந்திரகாந்தக் கல், அலெக்ஸாண்ட்ரைட். கடைசியில் சொன்னது பகலில் பச்சையாகவும் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகவும் தோன்றும் விசித்திரக் கல். ஜூலை: மாணிக்கம். ஆகஸ்டு: இளம்பச்சைப் பெரிடாட், ஸ்பினல், ஸார்டோனிக்ஸ். செப்டம்பர்: நீலம். இலங்கையின் ரத்தினபுரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கல் இது.

அக்டோபர்: ஓபல், டூர்மலின். நவம்பர்: டோபாஸ், சிட்ரின். இங்கே ஓர் எச்சரிக்கை. அகராதியில் டோபாஸுக்குப் புஷ்பராகம் என்று போட்டிருக்கும். கடையில் கனகபுஷ்பராகம் என்று கொடுப்பதோ மஞ்சள் நிறமான நீலக்கல் ஜாதி. இரண்டும் வேறு கல், விலையும் வேறு. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர்: பேரோஜா, ஜிர்கான், டான்ஸனைட். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஜிர்கான் பூமியில் விளைகிற கல். 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கும் கல் ஆலையில் செய்கிறது. பெயர் ஒத்திருப்பதால் சிலர் அதையும் ஜிர்கான் என்றே சொல்லி விற்கிறார்கள்.

இப்போது வாங்கும் விஷயத்துக்கு வருவோம். நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், அந்த நகை எந்த உடம்பில், எந்த இடத்தில், எந்த வேலைக்கு நடுவில் இருக்கப்போகிறது என்று யோசிக்கவேண்டும். கற்களின் கெட்டித்தன்மைக்கு, 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த 1 முதல் 10 வரையிலான அளவு ஒன்று இருக்கிறது. வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. ஸ்பினலும் டோபாஸும் 8. செவ்வந்திக் கல் 7. ஓபலும் பேரோஜாவும் ஏறக்குறைய 6-ம் அதற்குக் கீழும். முத்தோ 3-ஐ ஒட்டித்தான். வீட்டில் படிகிற தூசியில் மணல் துகள் இருக்கிறது. அதன் கெட்டித்தன்மை 7. ஆகவே 7-க்குக் கீழே உள்ள கல்லைத் தினமும் கையில் போட்டுக்கொண்டால், புழுதி படிந்த முந்தானையால் துடைத்துத் துடைத்தே அதன் பளபளப்பைப் போக்கிவிடலாம்.

கெட்டித்தன்மை ஒன்றே போதும் என்றும் நினைக்காதீர்கள். வைரத்தையே ஓர் இடத்தில் வசமாகத் தட்டினால் பிளந்துவிடும். மரகதத்துக்குள் இயற்கையாகவே மெல்லிய வெடிப்புகள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாதிருக்க எண்ணெய் ஊட்டுவது உலக வழக்கம். வெந்நீரும் சோப்பும் பட்டுப் பட்டு அந்த எண்ணெய் போய்விட்டால், வாங்கிய அன்று இருந்த முகம் இராது. ஓபலுக்குள் தண்ணீர் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் காய்ந்தால் வெடிக்கக்கூடும். முத்தைப் புளியும் எலுமிச்சம்பழமும் அரிக்கும், வியர்வையும் வாசனைத் தைலமும் மங்கவைக்கும். அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றவேண்டியது முத்து. பேரோஜா எண்ணெயைக் குடித்து நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிவிடும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிற அன்று அதைப் பெட்டியில் வையுங்கள்.

இதிலிருந்து ஒரு சுலபமான விதி கிடைக்கிறது. ரசத்துக்குப் புளி கரைக்கும் கைக்கு மாணிக்கம், நீலம், ஸ்பினல் போன்ற கெட்டிக் கற்கள். மற்றக் கற்களைக் காதிலோ கழுத்திலோ போட்டுக்கொள்ளலாம். அங்கே இடியும் கிடையாது, தேய்ப்பும் கிடையாது. ஜூனில் பிறந்தவள் முத்து மோதிரத்துக்குப் பதில் முத்துத் தோடு வாங்கினால், அது மகளுக்கும் கிடைக்கும்.

அடுத்தது, உண்மை. கல் மெய்யா பொய்யா என்ற கேள்விக்கு இப்போது இரண்டு பதில் போதாது. 1902-லேயே வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். நம் திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பல குடும்பங்கள் பிழைத்தன. பூமியில் பிறந்து, சூட்டில் வைத்து நிறம் ஏற்றிய நீலம் உண்டு. விரிசலில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் உண்டு. கடையில் பார்க்கும் சிட்ரினில் பெரும்பகுதி, சூடு காட்டி மஞ்சளாக்கிய செவ்வந்திக் கல்தான். வைரத்தையே இப்போது ஆலையில் வளர்க்கிறார்கள். அதுவும் வைரமே, விலைதான் வெகுவாகக் குறைவு. இவற்றில் எதை வாங்கினாலும் குற்றமில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கொடுப்பதுதான் குற்றம். ஆகையால், விலை உயர்ந்த கல்லுக்குக் கடைக்காரரைச் சேராத பரிசோதனைச் சாலையின் சான்றிதழ் கேளுங்கள். ஜெய்ப்பூர் போன்ற ஊர்களில் நல்ல பரிசோதனைச் சாலைகள் இருக்கின்றன.

'ஹால்மார்க் இருக்கிறதே!' என்பீர்கள். 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாகிவந்த அந்த முத்திரை தங்கத்தின் மாற்றுக்கு மட்டுமே சாட்சி. கல்லைப் பற்றி அது வாய் திறக்காது. பில்லிலே தங்கத்தின் எடை தனியாக, கல்லின் எடை தனியாக, கல்லின் விலை தனியாக எழுதியிருக்கவேண்டும். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். கல் வைத்த அட்டிகையை மொத்தமாக நிறுத்துத் தங்க விலை போட்டால், கல்லுக்கும் தங்க விலை கொடுத்துவிட்டு, பிறகு கல்லுக்கென்று மறுபடியும் கொடுப்போம்!

இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண். பாங்கியில் வேலை பார்க்கிறாள். மே மாதம் பிறந்தவள். வரன் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்த சமயம், "மே மாதக்காரிக்கு மரகதம் போட்டால் தடையெல்லாம் விலகும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் கைப்பையும் கையுமாக வந்து நின்றாள்.

"மாமி, அம்மாவோட ரெட்டைவடச் சங்கிலியைப் போட்டுட்டு ஒரு மரகத மோதிரம் வாங்கப் போறேன். அஞ்சு பவுன். கடையிலே பேசிட்டேன். நீங்க துணைக்கு வரேளா?"

"உங்கம்மா என்ன சொன்னாள்?"

"உனக்கு நல்லது நடந்தாப் போறும், எடுத்துக்கோன்னு கழட்டிக் கொடுத்துட்டா."

எனக்குத் திக்கென்றது. ஐந்து பவுன் அந்தத் தாயாரின் கழுத்தில் முப்பது வருஷமாக இருந்த தைரியம். கல்லை நான் பழிக்கவில்லை. "வருகிறேன். ஆனால் மூன்று கேள்வி கேட்கவேண்டும். அதை நீதான் கேட்கவேண்டும்" என்றேன்.

கடையில் அவள் கேட்டாள். "இந்தக் கல்லுக்கு வெளியார் கொடுத்த சான்றிதழ் உண்டா?" "எங்கள் பெயரே சான்றிதழ், அம்மா" என்று பதில் வந்தது. "எண்ணெய் ஊட்டியதா, வேறு ஏதாவது நிரப்பியதா? பில்லில் எழுதித் தருவீர்களா?" அதற்கு ஒரு புன்சிரிப்பும் இரண்டு கிளாஸ் பழரசமும் வந்தன. "இதையே அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்தால் என்ன கொடுப்பீர்கள்?" "தங்கத்துக்கு அன்றைய விலை. கல்லுக்கு… அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

பழரசத்தைக் குடித்துவிட்டுச் சங்கிலியோடு திரும்பினோம். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். ஆகும்போது ஆகும். அது கல்லின் பொறுப்பில் இல்லை.

பயத்துக்குக் கல் வாங்கினால் முடிவே கிடையாது என்பதற்கு ஓபலே சாட்சி. 1829-ல் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவலில் ஓபல் அணிந்தவளுக்குத் துன்பம் வந்ததாகப் படித்துவிட்டு, ஐரோப்பாவில் பலர் அந்தக் கல்லையே ஒதுக்கினார்களாம். விக்டோரியா மகாராணியோ அதை விரும்பி அணிந்து, தம் பெண்களுக்கும் பரிசாகக் கொடுத்தார். நம் ஊரில் நீலக் கல்லை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு பார்க்கிறோம். கடன்காரன் நினைவோடு படுத்தால், தலையணைக்கு அடியில் கூழாங்கல்லை வைத்தாலும் கெட்ட கனவுதான் வரும்!

அன்று வீடு திரும்பிய அந்தப் பெண், சங்கிலியைத் தாயார் கழுத்தில் போட்டுவிட்டு, "அம்மா, நீ எந்த மாசம் பிறந்தே?" என்று கேட்டாளாம். "ஆடி மாசம். பதினெட்டாம் பெருக்கை ஒட்டி. முந்தின வாரமோ, பிந்தின வாரமோ. யார் எழுதி வைச்சா?" என்றாளாம் தாயார்.

கோவிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு, கணவன், பிள்ளை, பெண், மாப்பிள்ளை, பேரன் எல்லோருடைய நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கள் பேரும் நட்சத்திரமும் அந்த வரிசையில் வருவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் பிறந்தநாள் பாயசம் கிண்டுகிற கைக்கு ஒரு பிறந்தநாள் இல்லை. மாதக் கல்லில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். 'நீ பிறந்தது எங்களுக்கு ஒரு விசேஷ நாள்' என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல அது ஒரு சாக்கு. அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்காதிருந்தால், அதைப்போல அழகான வழக்கம் இல்லை.

பதினெட்டாம் பெருக்கு வருவது ஆகஸ்டு மாதத்து ஆரம்பத்தில். முந்தின வாரமானால் ஜூலை, மாணிக்கம். பிந்தின வாரமானால் ஆகஸ்டு. என்ன வாங்குவது என்று அந்தப் பெண் மறுபடியும் என்னிடம் வந்தாள். சிவப்பு ஸ்பினல் என்றேன். பார்வைக்கு மாணிக்கம், பிரிட்டிஷ் கிரீடத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல்தான், பல நூற்றாண்டுகள் உலகமே ஏமாந்தது. ஜாதியில் ஆகஸ்டுக் கல். கெட்டித்தன்மை 8, அடுக்களைக்குப் பயமில்லை. அதே தரத்து மாணிக்கத்தைவிட விலையும் குறைவு. சின்னதாக ஒற்றைக்கல் மூக்குத்தி, சான்றிதழோடும் சரியான பில்லோடும், தன் சம்பளத்தில் மீதம் பிடித்து வாங்கினாள்.

"இத்தனை வயசுக்கு மேலே எனக்கென்னடி பிறந்தநாள்?" என்று கோபித்துக்கொண்டாள் தாயார். ஆனால் அந்த வீட்டு நாள்காட்டியில் ஆடிப் பதினெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறது. போட்டது யார் என்று கேட்டேன். பெண் சத்தியமாக நான் இல்லை என்கிறாள்.

ஆகையால் சகோதரிகளே, கடைக்காரர் உங்கள் மாதத்தைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் தாயாரின் மாதத்தை நீங்கள் கேட்டு வையுங்கள். தேதி தெரியாவிட்டால் பாதகமில்லை, பக்கத்துத் திருநாளைச் சொல்லச் சொல்லுங்கள். நகை வாங்கப் பணம் இல்லையா? அந்த நாளில் பாயசத்தை இந்தத் தடவை நீங்கள் கிண்டுங்கள்.